பால்மரத்துக்கு மாதம் தெரிவது எப்படி?

பிப்ரவரி பிறந்ததும் கெடாவில் பீடோங், செமலிங், குரூண் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் நிறம் மாறத் தொடங்கும். இலைகள் செம்பழுத்துச் சில வாரங்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். நிரை நிரையாக மொட்டைக் கிளைகள் நிற்கும், மங்கில் பால் குறையும். அடுத்துச் செந்தளிர் விடும். தளிரோடு சேர்ந்து மணமுள்ள சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் கொத்துக்கொத்தாக வரும். ஐந்து மாதம் கழித்து அந்தப் பூக்களே காயாகி வெடித்து, தோட்டத்துப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் ரப்பர்க் கொட்டைகளாகத் தரையில் சிதறும். ஒரு மரம் இப்படிச் செய்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான ஏக்கரில் நிற்கும் அத்தனை மரங்களும் ஏறத்தாழ ஒரே வாரங்களில் பூக்கின்றன. ஆண்டு தவறாமல் பூக்கின்றன. அதே நாட்களில் அலோர் ஸ்டார் சாலையோரங்களில் டெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாக மாறி நிற்கின்றன. இந்த மரங்களுக்கு மாதத்தை யார் சொல்கிறார்கள்? நம் நாட்டில் பருவம் என்று ஒன்று கிடையாது, வெயிலும் மழையும்தான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு மரங்களே சாட்சி. நிலநடுக்கோட்டுக்கு அருகிலும் ஆண்டுக்கு ஒரு தாளம் உண்டு; குளிரிலோ பகலின் நீளத்திலோ அதைத் தேடுவதைவிட, தலைக்குமேல் விழும் வெயிலின் உக்கிரத்தில் தேட வேண்டும் என்று காட்டும் சான்றுகள் கடந்த 20 ஆண்டுகளில் வலுப்பெற்றிருக்கின்றன.

அந்தத் தாளத்தைப் பார்க்கச் சிறந்த இடம் கடல் தாண்டிப் பினாங்கில் இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில், ஜார்ஜ் டவுனின் புறநகரில், மலை மடிப்புக்குள் அமைந்த தாவரவியல் பூங்காவை 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் ஒரு பழைய கருங்கல் குவாரியில் உருவாக்கத் தொடங்கினார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரும் கெடா குடும்பங்கள் பலவும் இந்தப் பூங்காவை அறியும். பினாங்கு மலர்த் திருவிழா பல ஆண்டுகள் இங்கேதான் நடந்திருக்கிறது. புத்ராஜெயாவிலோ 2007 முதல் இதைவிடப் பெரிய மலர் விழா நடக்கிறது. அது நடக்கும் மாதம் பல முறை மாறியிருக்கிறது. மாதத்தை மாற்றினாலும் விழாவுக்குப் பூ குறைவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தலுக்குக் கீழே சாமந்தியும் ஆர்க்கிட்டும் குறித்த தேதியில் பூத்து நிற்கின்றன. பந்தலுக்கு வெளியே நிற்கும் பெருமரங்களோ விழாத் தேதியைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் பால்மரத்தின் புதிர் வரை போய்ச் சேரலாம்.

முதலில் சாமந்தி. செடி எப்போது பூக்க வேண்டும் என்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கலாம் என்பது 1920இல்தான் தெளிவாயிற்று. அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் 'மேரிலண்ட் மாமத்' என்ற புகையிலை வகையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். கோடை முழுவதும் அது ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்ததே தவிர, வயலில் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தால் மட்டும் சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொரு காரணத்தையும் சோதித்துக் கழித்தார்கள். பிறகு கோடையிலேயே தொட்டிகளை மாலை வெளிச்சம் இருக்கும்போதே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, மறுநாள் வெயில் ஏறிய பிறகு வெளியே எடுத்தார்கள். பகல் செயற்கையாகக் குறுகியதும் புகையிலை பூத்துவிட்டது. பகல் நீளத்தைக் கொண்டு தாவரம் காலத்தை அறியும் இந்தப் பண்பை ஒளிக்காலத்துவம் என்று தமிழ்ப் பாடநூல்கள் சொல்கின்றன. பகல் குறுகினால் பூப்பவை குறும்பகல் தாவரங்கள், நீண்டால் பூப்பவை நீள்பகல் தாவரங்கள். 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் செய்த சோதனை இதை மேலும் கூர்மையாக்கியது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டால் போதும், செடி பூப்பதை நிறுத்திக்கொண்டது. ஆகவே செடி உண்மையில் அளப்பது இடையறாத இருட்டின் நீளத்தை. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தில் ஒரு வடிவமும் இருட்டில் மெல்ல இன்னொரு வடிவமும் கொள்வது இந்த அளவீட்டுக்கு உதவுகிறது.

கேமரன் மலையில் இரவில் பயணம் செய்தவர்கள் மலைச்சரிவெங்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் மஞ்சள் விளக்கில் ஒளிர்வதைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை சாமந்திப் பண்ணைகள். சாமந்தி குறும்பகல் தாவரம். நம் நாட்டின் பகல் ஆண்டு முழுவதும் அதற்குப் போதுமான அளவு குறுகியது என்பதால், விட்டால் காம்பு நீளுமுன்னே மொட்டு வைத்துவிடும். விளக்கைப் போட்டு இரவை உடைத்து, உயரம் வரும்வரை செடியை ஏமாற்றி வைக்கிறார்கள். விளக்கை நிறுத்திய நாளிலிருந்து கணக்கிட்டால் பூக்கும் தேதி கிடைத்துவிடுகிறது. தீபாவளிக்கும் மலர் விழாவுக்கும் நாள் குறித்துச் சாமந்தி தருவது இப்படித்தான் கைகூடுகிறது. பந்தலுக்குக் கீழே இருப்பவை நாள் கேட்டால் தரக்கூடிய செடிகள். நாள் கேட்டால் தராத மரங்களுக்குத்தான் இனி விடை தேட வேண்டும்.

பீடோங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 6 பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 40 நிமிடம். லண்டனில் அது எட்டரை மணி நேரத்துக்கும் அதிகம். இவ்வளவு சிறிய மாற்றத்தை எந்தத் தாவரமும் உணர முடியாது, ஆகவே ஒளிக்காலத்துவம் நமக்குப் பொருந்தாது என்று சட்டென்று முடிவு கட்டத் தோன்றும். அந்த முடிவை உடைத்தது நெல். 1959இல் டோர் என்பவர் மலாக்காவில் 'சியாம் 29' என்ற நெல்லை ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் விதைத்துப் பார்த்து வெளியிட்ட முடிவுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஜனவரியில் விதைத்தது பூக்க 329 நாளானது, செப்டம்பரில் விதைத்தது 161 நாளிலேயே பூத்தது. மலாக்காவில் பகல் நீளம் ஆண்டு முழுவதிலும் மாறுவதே கால் மணி நேரம்தான். தமிழ்நாட்டில் பழைய சம்பா நெல்வகைகள் அவற்றுக்குரிய பட்டத்தில் மட்டுமே ஒழுங்காக விளைந்ததற்கும் இதே குணம்தான் காரணம். கெடாவின் மூடா சமவெளியில் 1970இல் இருபோகம் தொடங்கியபோது பாசன நீர் மட்டும் போதவில்லை. பகல் நீளத்துக்குக் காத்திராத நெல்லும் வேண்டியிருந்தது. மலேசியாவில் உருவாகி 1965இல் வெளியான மசூரி நெல் அப்படிப்பட்டது. லங்காவிக் கதையின் மசூரி பெயரைத் தாங்கிய அந்த நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதுதான் பின்னாளில் தமிழ்நாட்டில் வெள்ளைப் பொன்னி ஆயிற்று என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நெல் கால் மணி நேரத்தை அளக்குமானால் பால்மரம் 40 நிமிடத்தை அளக்காதா? அளக்கலாம். ஆனால் பால்மரத்தின் நடத்தை அந்த விளக்கத்தில் அடங்க மறுக்கிறது. மலேசியாவில் ரப்பர் மரம் ஆண்டுக்கு இரு முறை பூக்கிறது. இலை கொட்டியபின் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் வாக்கில் பெரும்பருவம்; ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் சிறுபருவம். பகல் நீளமோ ஆண்டுக்கு ஒரு முறை, ஜூனில் உச்சத்தைத் தொட்டு, டிசம்பரில் ஒரு முறை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. நீண்ட பகல்தான் காரணம் என்றால் ஜூனில் பூக்க வேண்டும், குறுகிய பகல் என்றால் டிசம்பரில் பூக்க வேண்டும். இரண்டு மாதங்களிலும் பூக்காமல், இரண்டுக்கும் நடுவில் இரு முறை பூக்கும் மரத்துக்குப் பகல் நீளத்தை மட்டும் வைத்துக் கணக்குச் சொல்வது கடினம்.

கெடாக்காரர்கள் இங்கே உடனே ஒரு மறுப்பு எழுப்புவார்கள், அது நியாயமான மறுப்பு. ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறட்சி மாதங்கள். தண்ணீர் இல்லாமல் இலை கொட்டுகிறது, இலை கொட்டினால் பூக்கிறது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? கெடாவை மட்டும் பார்த்தால் இந்த விளக்கத்தை யாராலும் எளிதில் அசைக்க முடியாது, ஏனென்றால் இங்கே வறட்சியும் பூக்காலமும் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் ஓர் ஊரில் இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஆகஸ்ட், செப்டம்பர் கெடாவில் வறட்சிக் காலம் அல்ல. மழை கூடிக்கொண்டே போகும் காலம். அப்போதும் மரம் பூக்கிறதே. வறட்சி இலையுதிர்வைக் கூர்மையாக்குகிறது என்பதை ஏற்கலாம். பூவுக்கு நாள் குறிப்பது அதுதான் என்பதற்கு இரண்டாவது பருவமே தடையாக நிற்கிறது.

2005இல் ரோல்ஃப் போர்ச்சர்ட்டும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் வேறொரு வழி சொன்னார்கள். அமேசான் காட்டில் நிலநடுக்கோட்டையொட்டி நிற்கும் பல மரங்களும் இப்படி ஆண்டுக்கு இரு முறை ஒத்துப் பூக்கின்றன. அங்கே ஒரே இன மரங்கள் மிகத் தள்ளித் தள்ளி நிற்பதால், ஒரே நேரத்தில் பூக்காவிட்டால் அயல் மகரந்தச் சேர்க்கையே நடக்காது. ஆகவே துல்லியமான அறிகுறி ஒன்று வேண்டும். பகல் நீளம் மாறாவிட்டாலும் சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாக நகர்கின்றன. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் இல்லை என்பதும், பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும் இதற்குக் காரணம். நிலநடுக்கோட்டில்கூட இந்த நகர்வு மொத்தத்தில் அரை மணி நேரம் வரும். அந்த நகர்வை மரங்கள் உணர்ந்து பூக்கின்றன என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. அழகான கருத்துதான். ஆனால் உதய நேரம் சில வாரங்களில் சில நிமிடம் தள்ளிப்போவதைக் கண்டுபிடிக்க, ஒப்பிட்டுப் பார்க்கத் தளராத உள்கடிகாரம் ஒன்று மரத்துக்குள் இருக்க வேண்டும். உயிர்களின் உள்கடிகாரம் தினமும் உதயத்தையும் அஸ்தமனத்தையும் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும் இயல்புடையது. தன்னைத் தினமும் திருத்தும் உதயத்தின் நகர்வையே அந்தக் கடிகாரம் அளப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்தக் கருத்தில் நிறைவான விடை இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து இதற்கு மாற்று விளக்கம் மலேசியாவிலிருந்தே வந்தது. ரப்பர் ஆராய்ச்சியில் நீண்ட காலம் ஈடுபட்டிருந்த இயாங் ஹூங் யீட், 2007இல் 'நியூ ஃபைட்டாலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரையில் கேட்ட கேள்வி மிக எளிமையானது. வெளிச்சம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று ஏன் அளக்க வேண்டும், எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளந்தால் என்ன? மொட்டைமாடியில் வடகம் போடுபவர் பகல் எத்தனை மணி என்று பார்ப்பதில்லை. இன்றைய வெயில் சுள்ளென்று அடிக்குமா என்றே பார்ப்பார். பால்மரமும் அப்படித்தான் என்பது இயாங்கின் வாதம். நிலநடுக்கோட்டில் சூரியன் ஆண்டுக்கு இரு முறை நேர் உச்சிக்கு வருகிறது: மார்ச், செப்டம்பர் மாதங்களில், பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாட்களில். பீடோங் சற்று வடக்கே இருப்பதால் இங்கே அந்த நாட்கள் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்தையொட்டியும் விழுகின்றன. அன்று மதியம் ஒன்றேகால் மணியளவில் நேராக நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. வெயில் இருந்தால் எவரும் வாசலில் நின்று சரிபார்க்கலாம். ஜூனிலும் டிசம்பரிலும் கதிர் சாய்ந்து விழுவதால், வளிமண்டலத்தின் மேல்தளத்தில் நண்பகல் வெயிலின் பலம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. அதாவது வெயிலின் உக்கிரத்துக்கு ஆண்டுக்கு இரண்டு சிகரங்கள். பால்மரத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு பூக்காலங்கள்.

இரண்டுக்கு இரண்டு பொருந்துவது மட்டும் சான்றாகாது என்பதை இயாங்கும் அறிந்திருந்தார். சூரியன் உதிக்கும் நேரம் மேகத்தைப் பொறுத்து மாறாது. தரைக்கு வரும் வெயிலின் பலமோ மேகத்தையும் மழையையும் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். ஆகவே வெயில்தான் காரணம் என்றால், ஒரு சிகரம் மேகத்தில் மங்கிப்போகும் இடங்களில் அந்தப் பருவத்தின் பூவும் மங்க வேண்டும். நிலநடுக்கோட்டை விட்டு விலகிப் போகப் போக வெயிலின் இரண்டு சிகரங்கள் ஒன்றாகச் சேரும் இடங்களில் பூக்காலமும் ஒன்றாக வேண்டும். ரப்பர் மரம் உலகில் பல அகலக்கோடுகளில் நடப்பட்டிருப்பது இங்கே உதவியது. நிலநடுக்கோட்டருகிலும் துணை வெப்பமண்டலத்திலும் அந்தந்த ஊரின் கதிர்வீச்சு அளவுகளையும் பூக்காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் நெருக்கமாக ஒத்துப்போயின. மலேசியாவில் மார்ச் பருவம் பெரிதாகவும் செப்டம்பர் பருவம் சிறிதாகவும் இருப்பதும் இதில் அடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துலங்கும் நாட்களில் முதல் சிகரம் வருகிறது, மேகமூட்டத்துக்குள் இரண்டாவது வருகிறது. மேகத்தில் சிதறி நாள் முழுவதும் பரவும் மங்கல் ஒளி போதாது, சுடர்ந்து விழும் நேர்வெயில் வேண்டும் என்பதும் அவர் முடிவில் ஒரு பகுதி. கெடாவின் வறட்சி இந்த விளக்கத்தில் புது அர்த்தம் பெறுகிறது: வானத்தைத் துடைத்து வெயிலை உள்ளே விடுவதும் அதன் வேலைதான்.

இதெல்லாம் ஒப்பீடுதானே, சோதனை எங்கே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். புகையிலைத் தொட்டியை இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளியதுபோல, 25 மீட்டர் உயர மரத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து வெயிலைக் கூட்டிக் குறைக்க முடியாது. எனவே இந்த விளக்கம் புகையிலையில் கிடைத்த உறுதியை எட்டவில்லை. ஆனால் ஒளிக்காலத்துவம், வறட்சி, உதய நேரம் ஆகிய மூன்றும் எங்கெங்கே தடுக்குகின்றனவோ அங்கெல்லாம் இது தடுக்காமல் நடக்கிறது. மாற்றுக் கருத்துக்குச் சொந்தக்காரரே அசைந்து கொடுத்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். 2010இல் கல்லேயும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, நாளொன்றுக்குக் கிடைக்கும் வெயிலின் அளவு மாறுவதே வெப்பமண்டல மரங்களின் ஒத்த தளிர்ப்பையும் பூப்பையும் தூண்டுகிறது என்றது. அந்த ஆய்வின் ஆசிரியர்களில் போர்ச்சர்ட்டும் ஒருவர்.

எல்லா மரமும் செடியும் ஒரே அறிகுறியைப் படிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாலையோர மரங்களில் தானாக ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட், மொட்டை ஓரளவு வளர்த்து நிறுத்தி வைத்துக்கொள்ளும். பெருமழை வந்து வெப்பம் சட்டென்று சுமார் 5 பாகை செல்சியஸ் குறைந்தால், ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துப் புறா ஆர்க்கிட்டுகள் அத்தனையும் ஒன்றாகப் பூக்கும். ஒரே நாள் மணந்து வாடிவிடும். காட்டில் மெராந்தி முதலிய பெருமரங்கள் ஆண்டுக் கணக்கையே கைவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கின்றன. 1988இல் ஆஷ்டன், கிவ்னிஷ், மலேசிய ஆய்வாளர் அப்பண்ணா ஆகியோர், இரவு வெப்பம் தொடர்ந்து சில நாள் சுமார் 2 பாகை குறைவதே அதற்குத் தூண்டுகோல் என்றார்கள். எல் நினோ ஆண்டுகளோடும் அதைத் தொடர்புபடுத்தினார்கள். அந்தப் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை இலைப்பேன்கள் என்ற சிறு பூச்சிகள் என்று காட்டியதிலும் அப்பண்ணாவுக்குப் பங்கு உண்டு. இன்னொரு பக்கம், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹோல்ட்டம் 1920களின் பிற்பகுதியில் தொடங்கி மரம் மரமாகக் குறித்து வைத்ததில், 12 மாதக் கணக்குக்கே கட்டுப்படாமல் தமக்குரிய இடைவெளியில் இலை மாற்றும் மரங்களும் இருந்தன. பருவம் இல்லாத நாடு என்று நாம் சொல்லிக்கொள்ளும் இடத்தில் இத்தனை நாட்காட்டிகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவை அத்தனையும் தெரியவந்த விதத்தைப் பார்த்தால், தாவரவியல் பூங்காவின் அருமை விளங்கும். ஒரே மரத்தின் அடியில் ஆண்டுக்கணக்கில் போய் நின்று, என்று இலை கொட்டியது, என்று முதல் பூ வந்தது என்று யாரோ எழுதி வைத்ததால்தான் இந்த விவாதமே சாத்தியமாயிற்று. தேதி எழுதி ஒட்டிய உலர்தாவர மாதிரிகளும் அப்படியே உதவுகின்றன. ஒரு பூங்கொத்து எந்த ஊரில் எந்த நாளில் பூத்திருந்தது என்பதற்கு அது அழியாத பதிவு. பால்மரமே பூங்கா வழியாக வந்த மரம்தான்: 1877இல் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்த 22 நாற்றுகளிலிருந்துதான் மலாயாத் தோட்டங்களின் கதை தொடங்குகிறது. அந்தக் கதையில் நம் முன்னோர் பால் வெட்டிய மரங்கள் இன்று கெடாவில் குறைந்து, ஆண்டு முழுவதும் குலை தள்ளும் செம்பனை அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. தோட்டத்து மக்கள் தலைமுறைகளாகக் கண்ணால் படித்து வந்த ஓர் ஆண்டுக் கணக்கு அதோடு மறைகிறது. எனக்கு அது சிறிய இழப்பாகத் தோன்றவில்லை.

மலர் விழா வேண்டாம் என்பதல்ல என் வாதம். பந்தல் சாமந்தியைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் குடும்பங்கள், அதே பூங்காவின் பெருமரங்களைப் பார்க்க மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஒரு முறை போகலாம். விழா நடத்துபவர்கள் அந்த வாரங்களையும் ஒரு விழாவாக அறிவிக்கலாம். அறிவியலுக்கும் அது பயன்படும். வெயிலின் உக்கிரமே பூக்காலத்தைத் தூண்டுகிறது என்றால், 1997, 2015 போல நாடே காட்டுத்தீப் புகைமூட்டத்தில் மூழ்கிய ஆண்டுகளில், செப்டம்பர்ப் பருவத்துப் பூ குறைந்திருக்க வேண்டும். வறட்சிதான் காரணம் என்றால் குறைந்திருக்கத் தேவையில்லை. இரு விளக்கங்களையும் பிரித்துக் காட்டக்கூடிய சோதனையை இயற்கையே அவ்வப்போது நடத்துகிறது. அதற்கு வேண்டியது விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை: பீடோங்கில் எஞ்சியிருக்கும் ஒரு ரப்பர் நிரை, முதல் பூ வந்த தேதி, அந்த வாரங்களின் வானம் எப்படி இருந்தது என்ற குறிப்பு. பள்ளி அறிவியல் மன்றம் ஒன்று ஆண்டுதோறும் விடாமல் எழுதி வந்தால்கூட, அடுத்த புகைமூட்டத்தின்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவு கையில் இருக்கும்.